துப்பாக்கிக் குழலின் முனையில் தெளிவில்லாத சட்டம்

புது தில்லி: கட்டை விரல் நீளமே உள்ள இரும்புத் துண்டு அது. துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகிப் பொருத்தப்படுவது. அதில் தோட்டா இட முடியாது, விசையும் கிடையாது. தனியே எடுத்து வைத்தால் குழாய்க் கடையில் விற்கும் இணைப்பான் போலத்தான் தோன்றும். ஆனால், சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்காக அது செய்யப்பட்டிருந்தால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அந்தத் துண்டும் ஒரு சுடுகலனே.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதச் சட்டத் திருத்தம், உரிமமின்றி சுடுகலன்களைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் உரிய தண்டனையைக் கடுமையாக்கியது. முன்பு 3 முதல் 7 ஆண்டுகள் வரை இருந்த சிறைத் தண்டனை, இப்போது 7 ஆண்டுகளில் தொடங்கி ஆயுள் சிறை வரை நீள்கிறது. தண்டனை உயர்ந்தது. ஆனால் எது சுடுகலன் என்று கூறும் விளக்கத்தில், குழல் முனைக் கருவிகள் பற்றிய வாசகம் 1959-இல் எழுதப்பட்டபடியே நிற்கிறது. அந்தக் கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு அந்த வாசகம் பாதிப் பதிலைத்தான் தருகிறது.

சட்டத்தின் சொற்கள்

பிரிட்டிஷ் ஆட்சியின் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2-வது பிரிவு, வெடிமருந்தின் விசையாலோ வேறு வகை ஆற்றலாலோ குண்டை வெளியேற்றும் எல்லாக் கருவிகளையும் சுடுகலன்கள் என்கிறது. அத்தோடு நில்லாமல், அவற்றின் ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கென வடிவமைக்கப்பட்ட, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட துணைக் கருவிகளையும் அதே விளக்கத்துக்குள் சேர்க்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அந்த விளக்கத்தில் அடங்கும்.

1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில், ஓசை - ஒளி குறைக்கும் இத்துணைக் கருவிகள் மிகக் கடுமையான முதல் வகையில் வைக்கப்பட்டன. அந்த விதிகளுக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு விதிகளிலும் அந்த வைப்பு மாறவில்லை. அரைத் தானியங்கித் துப்பாக்கிகளும், ராணுவத் தோட்டாவை ஏற்கும் 7.62 மி.மீ., .303 ரகத் துப்பாக்கிகளும் இதே முதல் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இல்லை. மத்திய உள்துறை அமைச்சகத்திடமே உள்ளது.

அரைத் தானியங்கித் துப்பாக்கி என்பது, ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டை மட்டும் சுடுவது. அடுத்த தோட்டா தானாகவே குழலறைக்குள் ஏறிவிடும். மீண்டும் சுட விசையை மீண்டும் இழுக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தாலே சரமாரியாகச் சுடும் முழுத் தானியங்கியிலிருந்து இது வேறுபட்டது. இந்திய ராணுவத்தில் சுமார் 30 ஆண்டுகள் முதன்மைத் துப்பாக்கியாக இருந்த, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் தயாரான எஸ்.எல்.ஆர். இந்த ரகம்தான். அதன் குழல் முனையில் நீள்துளைகளுடன் காணப்பட்ட நீண்ட உருளை, சுடும்போது வெளிப்படும் தீச்சுடரைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டது.

முனையில் நடப்பது என்ன?

இக்கருவிகளின் பயனை அறியச் சுடும் நொடியில் நிகழ்வதைப் பார்க்க வேண்டும். தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும்போது, அதன் பின்னால் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் அடைபட்டிருந்த வாயுவும் ஒரே பாய்ச்சலில் வெளியேறுகிறது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முழுதும் எரியாத வாயு வெளிக்காற்றின் பிராணவாயுவுடன் கலந்து மீண்டும் தீப்பற்றுவதால் சுடர் எழுகிறது. வாயு திடீரென விரிவதால் வெடியோசை பிறக்கிறது. வாயு முன்னோக்கிப் பாய்வதன் எதிர்விசை, குண்டின் எதிர்விசையோடு சேர்ந்து துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குழல் முனை மேல்நோக்கி எழும்புகிறது. குழல் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு இம்மூன்றும் அதிகரிக்கும். மருந்து எரிந்து தீர்வதற்குள் குண்டு வெளியேறிவிடுவதே காரணம்.

குழல் முனைக் கருவிகள் அனைத்தும் இந்த வாயுவைக் கையாள்பவையே. ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல, நான்கு.

சுடர் மறைப்பான், வெளியேறும் வாயுவைப் பல கீற்றுகளாகப் பிரித்துச் சிதறடித்து, அது மீண்டும் தீப்பற்றுவதைக் குறைக்கிறது. சுடுபவரை எதிரியின் கண்ணிலிருந்து முழுவதும் மறைப்பதற்கானது இது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழு உண்மை அல்ல. இருட்டுக்குப் பழகிய சுடுபவரின் கண்ணே தன் துப்பாக்கியின் சுடரால் சில நொடிகள் கூசிப் பார்வை இழந்துவிடாமல் காப்பது இதன் முதற்பயன். இரவு நேரக் கண்காணிப்புக் கருவி வழியே பார்ப்பவருக்கு இது மேலும் அவசியம்.

மசில் பிரேக் எனப்படும் தடுப்பான், வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பி விடுகிறது. அந்த வாயுவின் விசை துப்பாக்கியை முன்னோக்கி இழுப்பதால் தோளில் விழும் உதை குறைகிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஓசையும் காற்றடியும் கூடும். காம்பென்சேட்டர் எனப்படும் சமன்கருவி, வாயுவின் ஒரு பகுதியை மேற்புறமாக வெளியேற்றி, குழல் மேலே எழும்பாமல் அமுக்குகிறது. 1959-இல் சோவியத் ராணுவம் ஏற்ற ஏ.கே.எம். துப்பாக்கியில் பின்னர் பொருத்தப்பட்ட, முனை சாய்வாகச் சீவப்பட்ட கருவி இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

நான்காவது சைலன்சர். உள்ளே பல அறைகள் கொண்ட உருளை இது. வாயு அந்த அறைகளில் தங்கி விரிந்து குளிர்ந்த பின்பே வெளியேறும். பெயரைக் கேட்டால் ஓசையே இராது என்று தோன்றும். திரைப்படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. ரைபிளின் வெடியோசை ஏறத்தாழ 160 டெசிபெல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். எஞ்சும் ஓசையும் பெரிதே. தவிரவும், இன்சாஸ் போன்ற துப்பாக்கியின் குண்டு விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகமோ சுமார் 340 மீட்டர். ஒலியை முந்தும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. சைலன்சர் உண்மையில் செய்வது, செவிக்கு ஏற்படும் கேட்டைக் குறைப்பதும், சுட்ட இடம் எது என்று கேட்பவர் கண்டறிவதைக் கடினமாக்குவதும்தான்.

படைகளின் தேவை

இந்தக் கருவிகள் ராணுவத்துக்கு ஏன் வேண்டும் என்பதில் மர்மம் இல்லை. 1990-களில் படைகளுக்கு வழங்கப்பட்ட 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியின் சுடர் மறைப்பான், எறிகுண்டைக் குழல் முனையில் பொருத்திச் செலுத்தவும் ஏற்ற அளவில் அமைக்கப்பட்டது. ஒரே துண்டுக்கு இரண்டு வேலை.

2019 பிப்ரவரியில் 72,400 சிக் 716 ரகத் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 ஆகஸ்டில் மேலும் 73,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது. இவை இன்சாஸைவிட வலிமை மிக்க 7.62 - 51 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை. தோட்டா பெரிதானால் உதையும் பெரிதாகும். உத்தரப் பிரதேசத்தின் அமேதி அருகே கோர்வாவில் ரஷியக் கூட்டுடன் ஏ.கே. 203 துப்பாக்கிகள் தயாராகின்றன. 6,01,427 துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் கையெழுத்தானது. காஷ்மீரின் காட்டுச் சரிவுகளிலும் மத்திய இந்தியாவின் வனங்களிலும் இரவில் தேடுதல் நடத்தும் வீரருக்கு, தன் துப்பாக்கிச் சுடர் தன்னைக் காட்டிக் கொடுக்காதிருப்பது உயிர்ப் பிரச்னை.

படைகள், காவல் துறை ஆகியவற்றின் பணிக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே சட்டச் சிக்கல் அவர்களுக்கு இல்லை. சிக்கல், சீருடை அணியாதவர்களுக்குத்தான். மத்திய அரசின் பழைய தளவாட ஆலைகள் 2021 அக்டோபரில் நிறுவனங்களாக மாற்றப்பட்டன. திருச்சி துப்பாக்கி ஆலையும் அப்போது அத்தகைய நிறுவனம் ஒன்றின்கீழ் வந்தது. பெங்களூரிலும் குவாலியரிலும் தனியார் ஆலைகள் சிறுரகத் துப்பாக்கிகளைத் தயாரிக்கின்றன. அரசு ஆலைச் சுவருக்குள் மட்டும் நடந்த வேலை, உதிரிபாகம் கடைந்து தரும் சிறு பட்டறைகள் வரை பரவும் காலம் இது. அப்படிப்பட்ட காலத்தில் சட்டத்தின் விளக்கம் கூர்மையாக இருக்க வேண்டும்.

அமெரிக்கா காட்டும் எச்சரிக்கை

தெளிவில்லாத விளக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா நல்ல பாடம். 1994-இல் அந்நாடு, ராணுவப் பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி உடைய ரைபிள் ஒன்றில், குறிப்பிட்ட ஐந்து அம்சங்களில் இரண்டு இருந்தால் அது தடை செய்யப்பட்டது. மடக்கும் கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, பயனெட் பொருத்தும் இடம், எறிகுண்டு செலுத்தி, சுடர் மறைப்பான் அல்லது அதைத் திருகுவதற்கான மரைகள் கொண்ட குழல் ஆகியவையே அந்த ஐந்து.

துப்பாக்கி நிறுவனங்கள் பட்டியலைப் படித்தன. சுடர் மறைப்பானையும் பயனெட் இடத்தையும் நீக்கின. பட்டியலில் இல்லாத மசில் பிரேக்கைக் குழலில் நிலையாகப் பொருத்தின. அதே தோட்டா, அதே வேகம், அதே விசை கொண்ட துப்பாக்கி சட்டப்படியே கடைக்கு வந்தது. 2004 செப்டம்பர் 13-இல் தடை காலாவதியானது. தோற்றத்தைத் தடை செய்தால் தோற்றம் மாறும். ஆற்றல் மாறாது என்பதே அந்தப் பத்தாண்டுகள் சொன்ன செய்தி.

இந்த ஓட்டையை அடைக்க நியூயார்க் மாகாணம் 2013-இல் முயன்றது. சுடர் மறைப்பானுடன் மசில் பிரேக்கையும் காம்பென்சேட்டரையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சட்ட வாசகத்தில், தடுத்து நிறுத்துவதைக் குறிக்கும் 'பிரேக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக, அதே உச்சரிப்பில் உடைப்பதைக் குறிக்கும் சொல் அச்சாகிவிட்டது. அப்படி ஒரு கருவியே இல்லை என்ற வாதத்தை ஏற்று, 2013 டிசம்பர் இறுதியில் மத்திய மாவட்ட நீதிமன்றம் அந்தச் சொல்லைச் செல்லாது என்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, நோக்கம் தெளிவாகவே உள்ளது என்றது. ஓர் எழுத்துப் பிழையைத் தீர்க்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

சைலன்சர் விஷயத்தில் அந்நாட்டின் போக்கு வேறு. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரியும் அரசிடம் பதிவும் கட்டாயமாக்கியது. 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. பதிவுக் கடமையை அது நீக்கவில்லை. 2001-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற துப்பாக்கிகள் குறித்த உடன்படிக்கையோ, ஓசையைக் குறைக்கும் கருவியை மட்டும் துப்பாக்கியின் பாகமாகக் குறிப்பிட்டது. சுடரைக் குறைப்பது பற்றி அந்த விளக்கத்தில் பேச்சில்லை.

இந்தியச் சட்டத்தின் பலமும் பலவீனமும்

இந்தப் பின்னணியில் பார்த்தால், இந்தியச் சட்டத்தின் அணுகுமுறை அடிப்படையில் மேலானது. அது தோற்றத்தைப் பட்டியலிடவில்லை. அந்தக் கருவி என்ன செய்வதற்காக ஆனது என்று கேட்கிறது. பெயரை மாற்றியோ வடிவை மாற்றியோ இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. இதே சொல்லமைப்பு பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்திலும் இடம்பெற்றது.

ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்ட சட்டம், விடையை மூன்று இடங்களில் தொங்க விட்டிருக்கிறது.

முதலாவது, இரண்டு வேலை செய்யும் கருவிகள். 1980-களில் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்.16 ஏ2 துப்பாக்கியின் சுடர் மறைப்பானில் அடிப்புறத் துளைகள் அடைக்கப்பட்டன. படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது என்பது ஒரு பயன். வாயு மேற்புறமாக மட்டும் வெளியேறுவதால் குழல் எழும்பாது என்பது மறுபயன். அது சுடர் மறைப்பானா, சமன்கருவியா? இரண்டும்தான். அதேபோல, உதையைக் குறைக்கச் செய்த கருவி தற்செயலாகச் சுடரையும் ஓரளவு குறைத்தால், அதை ஒளியைக் குறைப்பதற்கென 'வடிவமைக்கப்பட்டது' என்பதா? எவ்வளவு குறைத்தால் குறைப்பதாகும்? டெசிபெல்லிலோ வேறு அளவிலோ வரம்பு எதுவும் சட்டத்தின் விளக்கத்தில் இல்லை.

இரண்டாவது, பாகமா துணைக் கருவியா என்ற கேள்வி. மசில் பிரேக், காம்பென்சேட்டர் ஆகியவை ஓசையையோ ஒளியையோ குறைப்பதற்கானவை அல்ல. எனவே துணைக் கருவி விளக்கத்துக்குள் அவை வாரா. ஆனால் துப்பாக்கியின் 'பாகம்' என்று கொண்டால் வேறு வழியாக அதே சட்டத்துக்குள் வந்துவிடும். 45-வது பிரிவோ, முழுத் துப்பாக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு விலக்கு அளிக்கிறது. குழல் முனையில் திருகும் துண்டு சிறு பாகமா, துணைக் கருவியா, இரண்டும் அல்லாததா என்பதை வழக்கு நடத்தும் அதிகாரியின் ஊகத்துக்கு விடுவது நியாயமல்ல.

மூன்றாவது, இந்த வாசகம் அரைத் தானியங்கிக்கு மட்டும் உரியது அல்ல. 'எந்தச் சுடுகலனுக்கும்' பொருந்தும் என்பதால், பயிர் காக்க உரிமம் பெற்ற விவசாயியின் துப்பாக்கிக்கும், விளையாட்டு வீரரின் .22 ரைபிளுக்கும் அது பொருந்தும். 'வேறு வகை ஆற்றல்' என்ற சொற்களால் காற்றுத் துப்பாக்கியும் விளக்கத்துக்குள் வருகிறது. குறைந்த ஆற்றல் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதன் முனையில் பொருத்தும் ஓசை குறைப்பானுக்கும் அந்த விலக்கு உண்டா? சட்டத்தை மட்டும் படிக்கும் சாமானியருக்கு இதற்கு விடை எளிதில் கிடைக்காது. பொழுதுபோக்குக்காக அதை வாங்குபவரும், கூலிக்குக் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரரும் தாங்கள் நிற்பது எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அறிய வழி வேண்டும். ஏழாண்டுச் சிறை தொடங்கும் எல்லை அது.

விளையாட்டுத் துறை இதைத் தெளிவாகவே தீர்த்துக்கொண்டது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள், ரைபிள் போட்டிகளில் மசில் பிரேக்கும் காம்பென்சேட்டரும் கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கின்றன. காரணம் பாதுகாப்பு அச்சம் மட்டுமல்ல. போட்டியாளருக்கு நியாயமற்ற அனுகூலம் கிடைக்கக் கூடாது என்பது. எதை, ஏன் தடுக்கிறோம் என்று அறிந்து எழுதிய விதி அது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடலாகாது. இந்தியாவில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற ஆயுதங்களால் நடப்பவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டிவந்துள்ளன. வட மாநிலங்களில் 'கட்டா' எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கி, தண்ணீர்க் குழாயையும் இரும்புப் பட்டையையும் கொண்டு செய்யப்படுவது. பிகாரின் முங்கேர் இதற்குப் பேர்போனது. அந்தத் துப்பாக்கிக்குச் சுடர் மறைப்பானும் கிடையாது, சைலன்சரும் கிடையாது. கொலைகாரன் அதற்காகக் காத்திருப்பதும் இல்லை.

இதனால் முனைக் கருவிகளைத் தாராளமாக விட்டுவிடலாம் என்று பொருளல்ல. ஓசையைக் குறைக்கும் கருவி குற்றவாளியின் கையில் சேர்ந்தால், சுட்ட இடத்தை அறிவதும், அருகிலிருப்போர் தப்புவதும், காவல் துறையினர் விரைவதும் தாமதமாகும். அதற்குக் கட்டுப்பாடு தேவையே. ஆனால் சுடுபவரின் கண் கூசாமல் காக்கும் துண்டையும், கொலையின் ஓசையை மங்கச் செய்யும் உருளையையும் ஒரே தட்டில் வைப்பது, எது அதிக ஆபத்து என்று சட்டமே யோசிக்கவில்லை எனக் காட்டுகிறது.

தடயமும் நீதியும்

குழல் முனைக் கருவிக்கு நீதிமன்றத்தில் மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் மூன்று பயங்கரவாதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவர்களிடம் கிடைத்த துப்பாக்கிகளும் பஹல்காமில் பொறுக்கப்பட்ட வெற்றுத் தோட்டா உறைகளும் சண்டீகர் ஆய்வகத்தில் ஒப்பிடப்பட்டுப் பொருந்தின என்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் அறிவித்தார். தோட்டா உறையின் அடியில் பதியும் ஊசித் தடத்தைக் குழல் முனையில் எதை மாட்டினாலும் மாற்ற முடியாது. அந்த வகைச் சான்றைப் பொருத்தவரை முனைக் கருவி ஒரு பொருட்டல்ல.

ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்ற கேள்வியில் நிலைமை வேறு. மிக அருகிலிருந்து சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரியும் எரியாத மருந்துத் துகள்களும் படியும். அவற்றின் பரப்பையும் அடர்த்தியையும் கொண்டுதான் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரும் தடய அறிவியலாளரும் தூரத்தை மதிப்பிடுகின்றனர். குழல் முனைக் கருவி வாயுவின் பாதையையே மாற்றிவிடுவதால் இந்தப் படிவும் மாறுகிறது. நீள்துளை கொண்ட சுடர் மறைப்பான் பூவிதழ் போன்ற கரிப் படிவை உண்டாக்கலாம். சைலன்சர் படிவையே பெரிதும் குறைத்துவிடலாம். சுட்டபோது முனையில் என்ன இருந்தது என்று தெரியாமல் தூரத்தைச் சொன்னால் அது தவறாகக்கூடும்.

இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாவது காவல் துறையினரின் என்கவுன்ட்டர் சாவுகளில். மோதலில் தூரத்திலிருந்து சுடப்பட்டாரா, பிடித்து வைத்து அருகிலிருந்து சுடப்பட்டாரா என்பதில்தான் அத்தகைய வழக்குகள் நிற்கும் அல்லது விழும். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் 16 நெறிமுறைகளை வகுத்தது. சுட்ட காவலர்கள் தங்கள் ஆயுதங்களைத் தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. துப்பாக்கியை ஒப்படைக்கும்போது அதன் முனையில் இருந்த கருவியும் உடன் செல்ல வேண்டும். அது சுடும்போது பொருத்தப்பட்டிருந்ததா என்பதும் பறிமுதல் மகஜரில் எழுதப்பட வேண்டும். எளிதில் கழன்று வரும் துண்டு என்பதாலேயே இது மேலும் அவசியமாகிறது.

செய்ய வேண்டியவை

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. விதிகளில் திருத்தம் செய்து மத்திய உள்துறை அமைச்சகமே பெரும்பகுதியைத் தீர்த்துவிட முடியும். ஓசையைக் குறைக்கும் கருவியையும் ஒளியைக் குறைக்கும் கருவியையும் அட்டவணையில் தனித்தனி உட்பிரிவுகளாக்கலாம். எவ்வளவு குறைத்தால் அது அந்த வகை என்பதற்கு அளவு வைக்கலாம். உதையைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எந்த உரிமத்தின்கீழ் வரும் என்பதையும், காற்றுத் துப்பாக்கியின் துணைக் கருவிகளின் நிலையையும் ஒரு வரியில் தெளிவுபடுத்தலாம். இத்தகைய கருவிக்காக மட்டும் ஒருவர் மீது வழக்கு தொடரும் முன், அது உண்மையில் என்ன செய்கிறது என்று தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை பெறுவதைக் கட்டாயமாக்கலாம்.

2019-இல் தண்டனையை உயர்த்தியபோது அரசு கூறிய நோக்கம், சட்டவிரோத ஆயுதப் பெருக்கத்தை அடக்குவது. அந்த நோக்கத்தில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் தண்டனை எவ்வளவு கடுமையோ, குற்றத்தின் விளக்கமும் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது குற்றவியல் நீதியின் பாலபாடம். ஆயுள் சிறை வரை செல்லக்கூடிய ஒரு பிரிவு, அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழைய, அளவே குறிக்காத வாசகத்தின் மீது நிற்கிறது. அமெரிக்காவைப் போல அதை நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் அவிழ்க்க விடுவதைவிட, விதிகளில் சில வரிகள் எழுதுவது எளிது.